பஞ்சாமிர்தமும் கடைவாய்ப் பல்லும்

பல்வலிக்குப் பஞ்சாமிர்த டப்பாவோடு வந்தவர் என் அனுபவத்தில் அந்த மாமியார் ஒருவர்தான். சேவுகம்பட்டிப் பக்கம் பூ விவசாயம் செய்கிற குடும்பம். திண்டுக்கல்லில் நான் பல் கிளினிக் திறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. டப்பாவை என் மேசையில் வைத்துவிட்டு, "பழனி முருகன் குடுத்த பிள்ளை டாக்டரம்மா, ஒம்பது வருசம் கழிச்சு. ஊசி கீசின்னு எதுவும் வேணாம். வலிக்கு மட்டும் பாருங்க" என்றார். ஐந்து மாதக் கர்ப்பிணியான மருமகள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். மூன்று நாளாகக் கஞ்சித் தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே இறங்கவில்லை.

ஈறுகள் சிவந்து உப்பியிருந்தன. கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகிச் சீழ் கட்டியிருந்தது. கர்ப்ப காலத்தில் ஈறு வீங்குவதும் ரத்தம் கசிவதும் பலருக்கும் நடப்பதுதான். அப்போதுதான் மென்மையான பிரஷ்ஷால் இரண்டு வேளையும் துலக்க வேண்டும். இவளோ ரத்தத்தைக் கண்டு பயந்து பிரஷ்ஷையே தூக்கிப் போட்டிருந்தாள். அதோடு, தினமும் படுக்கும்முன் ஒரு கரண்டி பஞ்சாமிர்தம். பிறகு வாய் கொப்பளிப்பது கிடையாது. பிரசாதத்தைத் துப்பலாமா?

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "முதல்ல இந்தப் பஞ்சாமிர்தத்தை நிறுத்துங்க" என்றேன். சொன்ன தோரணையை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "எந்திரி ஆத்தா, போவோம்." படியிறங்கிப் போனால் திரும்ப வரமாட்டார்கள். சீழ் பரவினால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. படித்த திமிரில் நானே கெடுத்துவிட்டேன்.

மருமகள் நகரவில்லை. "அத்தை, துப்பத்தான கூடாது? காலைல சாப்டுட்டு, கொப்பளிச்ச தண்ணியை முழுங்கிக்கிறேன். ராவுக்குப் பல்லு விளக்கிட்டுப் படுக்குறேன். என்னால மெல்ல முடியல அத்தை. பிள்ளைக்குச் சோறு வேணும்ல?" சொல்லும்போதே அழுதுவிட்டாள். எனக்குத் தோன்றாத வழி அது.

மாமியார் உட்கார்ந்தார். "ஊசி பிள்ளைக்கு ஏறாதுல்ல?" என்று என்னைக் கேட்டார். அவளுக்குப் பிரசவம் பார்க்கவிருந்த டாக்டரை அவர் எதிரிலேயே போனில் ஸ்பீக்கர் போட்டு அழைத்தேன். ஐந்தாம் மாதம் இதற்கு வசதியான காலம், மரத்துப்போகச் செய்யும் ஊசிக்குப் பயப்பட வேண்டாம், சீழை விட்டுவைப்பதுதான் ஆபத்து என்று அந்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நான் பல்லைச் சரிசெய்து முடிக்கும்வரை மாமியார் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தார்.

இன்று என்னிடம் வரும் கர்ப்பிணிகளிடம் எடுத்தவுடன் எதையும் நிறுத்தச் சொல்வதில்லை. என்ன சாப்பிடுகிறார்கள், எப்போது, அதன்பின் என்ன செய்கிறார்கள் என்று கேட்கிறேன். வாந்தி எடுத்தால் உடனே துலக்காமல் தண்ணீரில் கொப்பளித்து, அரைமணி நேரம் கழித்துத் துலக்கச் சொல்கிறேன். பொறுமையாகச் சொன்னால் எல்லோரும் கேட்கிறார்கள்.

அந்தப் பல்லைச் சரிசெய்த மறுநாள் மதியம் மாமியாரிடமிருந்து போன் வந்தது. "டாக்டரம்மா, சோறு தின்னுட்டா. ரெண்டாந் தடவையும் கேட்டு வாங்கித் தின்னுட்டா." அதற்குமேல் பேச முடியாமல் அழுதார். நானும்தான்.