சொன்னதைச் செய்யாதவர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நுரையீரல் மருத்துவமும் தீவிர சிகிச்சையும் என்னிடம் படிக்க வரும் டாக்டர்களுக்கு முதல் வாரத்திலேயே அது தெரிந்துவிடும். காலை ரவுண்ட்ஸில் யாராவது நோயாளியை விட்டுவிட்டு மானிட்டரைப் பார்த்து எண்களை ஒப்பித்தால், "அந்தப் பெட்டிக்கா வைத்தியம் பாக்குற?" என்று கேட்டுவிடுவேன். என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் எங்கள் துறையில் கிடையாது.

அந்தத் திமிரோடுதான் அன்றும் மதுரை செல்லூர்க்காரர் ஒருவரின் கட்டிலருகே நின்றேன். விசைத்தறி ஓட்டுகிறவர். அறுபதை நெருங்கும் வயது. நிமோனியா முற்றி வென்டிலேட்டரில் இருந்தார். காய்ச்சல் விட்டு, மயக்க மருந்தை நிறுத்தி மூன்று நாளாகியிருந்தது. மூச்சு சீராக இருந்தது, இருமலும் பலமாக வந்தது. ஆனால் தொண்டைக் குழாயை எடுக்கும் முன் நாங்கள் இன்னொன்றும் பார்ப்போம். நோயாளி நாம் சொன்னதைச் செய்ய வேண்டும்.

"கையை இறுக்கிப் பிடிங்க", "தலையைத் தூக்குங்க" என்று மாணவர்கள் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தார்கள். மனிதர் முழித்துக்கொண்டு கிடந்தார். அவர் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர் என்பதால், அது தெரிந்த ஒருவரை லேபிலிருந்து கூட்டிவந்து அந்த மொழியிலும் சொல்ல வைத்தோம். பலனில்லை. மூளை ஸ்கேனில் கோளாறு எதுவும் தெரியவில்லை. 'சொன்னதைச் செய்யவில்லை' என்று கேஸ் ஷீட்டில் நானே எழுதினேன். மறுநாள் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பதென்று முடிவு செய்தோம்.

கையெழுத்து வாங்க அவர் மனைவியை உள்ளே அழைத்தோம். இரண்டாம் ஆண்டு மாணவி விளக்கினாள். அந்தம்மா பேனாவை வாங்கவில்லை.

"சொன்னதச் செய்யலையா? எப்படிச் சொன்னீங்க?"

மாணவி முகக்கவசத்தோடு குனிந்து மறுபடியும் சொல்லிக் காட்டினாள்.

"இப்படிச் சொன்னா அவருக்கு எப்படிம்மா கேக்கும்? முப்பது வருசமா தறிச் சத்தத்துல நின்ன காது. வாயப் பாத்துத்தான் புரிஞ்சுக்குவாரு. நீங்க அம்புட்டுப் பேரும் வாய மூடிக்கிட்டு நிக்கிறீங்க."

அந்தம்மா கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றார். கையை உயர்த்தி, விரல்களை இருமுறை மடக்கிக் காட்டினார். தறிக்கூடத்தில் சத்தத்துக்கு நடுவே பேசிக்கொள்வது அப்படித்தானாம். கணவரின் கை உடனே மேலே எழுந்தது. விரல்கள் இருமுறை மடங்கின. பிறகு அந்தம்மா தன் கழுத்துக்கடியில் கை வைத்துத் தூக்கிக் காட்டினார். கணவர் தலையைத் தலையணையிலிருந்து தூக்கினார்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் தொழிலைக் கேட்டுக் குறித்தவர்கள் நாங்கள்தான். எத்தனை வருடம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தார், எத்தனை பீடி பிடித்தார் என்று துருவித் துருவிக் கேட்டிருந்தோம். தறி என்றதும் எங்களுக்கு நுரையீரல் மட்டும்தான் நினைவுக்கு வந்தது. அதே தறி காதையும் தின்றிருக்கும் என்று என் மாணவர்களுக்குத் தோன்றவில்லை. அவர்களைச் சொல்லி என்ன, எனக்கே தோன்றவில்லை.

மதியத்துக்குள் குழாயை எடுத்தோம். சாயங்காலம் மாணவர்களோடு அவரைப் பார்க்கப் போனேன். எழுந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மூணு நாளா எனக்குப் புத்தி பெரண்டுபோச்சுன்னு நெனச்சீங்களா சார்?" கரகரத்த குரலில் கேட்டார். "தொண்டையில ஓட்டையப் போட்டுருப்பீங்கள்ல?"

மாணவர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. முகக்கவசத்தை இறக்கினேன்.

"போட்டுத்தான் இருப்பேன். தப்பு எம்மேலதாண்ணே," என்றேன்.

என் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "இப்பப் புரியுது," என்றார்.