முதல் விலைக்குத் தலையாட்டாதே

சாணம், புண்ணாக்கு, நனைந்த கயிறு. மாட்டுச் சந்தையைத் தாண்டும்போதெல்லாம் அந்த வாசனை இன்றும் என்னைச் சோர வைக்கிறது. அந்த வாசனையோடுதான் மாமன் என்னுடன் பெங்களூருக்கு பஸ் ஏறினார்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. குருபரப்பள்ளிப் பக்கம் எங்கள் மானாவாரிக் காட்டில் கேழ்வரகு மறுபடியும் பொய்த்திருந்தது. பள்ளிப் படிப்பை முடித்திருந்த எனக்கு பெங்களூர் ஆலை ஒன்றிலிருந்து பிட்டர் வேலைக்கு நேர்காணல் அழைப்பு. கிடைத்தால் வீடு நிமிரும். இல்லையென்றால் அதே காடு, அதே வானம்.

மாமன் அம்மாவின் தம்பி, மாட்டுத் தரகர். ஆலையின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் யோசனை கேட்க வேறு யார் இருந்தார்கள்? ஆலையை அறிந்தவர்கள் பெங்களூரிலேயே தங்கிவிட்டார்கள். பண்டிகைக்கு வந்தாலும் சட்டை கசங்காமல் திரும்பிப் போனார்கள். நேரமும் பாசமும் இருந்தது எங்களோடு கிடந்தவர்களிடம்தான்.

பஸ்ஸில் தோள்துண்டை என் கைமேல் போட்டு, சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதுபோல் அதற்குள் என் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

“மொத வெலைக்குத் தலையாட்டாத மாப்ள. யோசிக்கற மாதிரி எந்திரிச்சி நட. பின்னாலயே வந்து கூப்புடுவான்.”

பயிற்சிக் காலத்தில் சம்பளம் குறைவு, சம்மதமா என்று அதிகாரி கன்னடத்தில் கேட்டார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எழுந்தேன். எத்தனை மெதுவாக முடியுமோ அத்தனை மெதுவாக நடந்தேன். முதுகெல்லாம் காதாக இருந்தது. அடுத்தவனைத்தான் கூப்பிட்டார்கள்.

வாசலுக்கு எதிரே மரத்தடியில் மாமன் காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். இரு, வருவான் என்றார். சாயங்காலச் சங்கு ஊதி, ஆட்கள் சைக்கிளில் கலைந்து, காவல்காரர் கதவைச் சாத்தும்வரை இரண்டு பேரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது ஓசூருக்கே ஆலைகள் வந்துவிட்டன. மகனை எதில் சேர்க்கலாம் என்று என்னிடமும் வந்து கேட்கிறார்கள். ஆலையில் வேலை பார்க்காதவன் நான், தெரியாது என்கிறேன். அவர்கள் முகம் வாடும்போது, ஏதாவது சொல்லித் தொலைத்த மாமனே பரவாயில்லை என்று தோன்றும். சில நாள் அதுவும் தோன்றாது. அலுப்புதான்.

அன்று இரண்டு பேரும் பஸ்ஸில் திரும்பினோம். தன் ஊரான தொரப்பள்ளிக்குப் போக மாமன் ஓசூரில் இறங்க வேண்டும். படியில் நின்றார். வழியெல்லாம் தப்பு எங்கே என்று தேடிக் களைத்த முகம்.

“நீ கொஞ்சம் வேகமா நடந்துட்ட மாப்ள” என்றார்.