சோடாப் போத்தலில் குளோரின் தராத கடை

சென்ற வியாழக்கிழமை கிளிநொச்சியில் ஒரு கடையில் எனக்குச் சாமான் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். கடை திறந்திருக்கிறது. சாமான் இருக்கிறது. வாங்க ஆளும் நிற்கிறது. ஆனாலும் தரமாட்டார்களாம்! எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல?

நான் கேட்டது திரவ குளோரின் – நீச்சல் தடாகத்துக்குப் போடுவது.

சிரிக்கிறீர்கள், தெரியும். அக்கராயனில் நெல் விதைக்கிறவனுக்கு நீச்சல் தடாகமா? என் அண்ணாவின் மகள் சுபா, கனடாவிலிருந்து தன் ஆறு வயது மகள் மாயாவோடு எங்கள் வீட்டில் ஒரு மாதம் நிற்க வந்திருக்கிறாள். வந்த அன்றே மாயா குளத்தைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இறங்கட்டா?" என்று கேட்டாள். குளத்தில் முதலை கிடக்கிறது. "உனக்கு வீட்டிலையே ஒண்டு கட்டித் தாறன்" என்று வாயை விட்டுவிட்டேன். மேசனைப் பிடித்து, கிணற்றடியில் இடுப்பளவு ஆழத்தில் ஒரு சீமெந்துத் தொட்டி கட்டி, நீலப் பெயின்டும் அடித்தாயிற்று.

தண்ணீர் விட்ட நாலாம் நாள் பச்சை பிடித்தது.

வீட்டில் உடுப்புக்குப் போடும் பிளீச் இருந்தது. எலுமிச்சை வாசம் வேறு. பிறகென்ன... ஒரு போத்தலை அப்படியே ஊற்றிக் கலக்கினேன். நுரை பொங்கியது! மாயா துள்ளினாள். சுபா தலையில் கை வைத்தாள்.

"சித்தப்பா, இது உடுப்புத் தோய்க்கிறது. வாசமும் சவர்க்காரமும் சேர்ந்தது. இதுக்கை பிள்ளையை எப்பிடி இறக்கிறது?"

தண்ணீரை முழுக்கத் திறந்துவிட்டு, திரும்ப நிரப்பினோம். அடுத்து, வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குப் போட்டு மிஞ்சியிருந்த பிளீச்சிங் பவுடரை எடுத்தேன். அளவு? மூக்குத்தான் அளவு. போர்க்காலத்தில் முகாமில் இருந்தபோது பௌசர் லொறியில் வரும் தண்ணீர் குளோரின் மணந்தால்தான் நம்பிக் குடிப்போம். அந்தப் பழக்கத்தில் மணக்கும்வரை போட்டேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரே சுண்ணாம்புத் தண்ணீர். தடாகம் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது.

"வாசம் ஒண்டும் சேராத, புதிசா வந்த திரவ குளோரின் வாங்குங்கோ. நாள்பட்டால் வீரியம் போயிடும்" என்றாள் சுபா. இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று ஒரு வெறும் சோடாப் போத்தலையும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன்.

போத்தல் எதற்கு என்று வன்னியில் யாரும் கேட்கமாட்டார்கள். மண்ணெண்ணெயும் போத்தலில்தான், தேங்காயெண்ணெயும் போத்தலில்தான், வயலுக்கு அடிக்கும் மருந்தில் பாதியும் போத்தலில்தான். இடம்பெயர்ந்து திரிந்த நாட்களில் கையில் போத்தல் இருந்தவனுக்குத்தான் தண்ணீர் கிடைத்தது. எங்களால் ஒரு போத்தலை எறிய முடியாது. கை வராது.

கடையில் இருந்தது ஒரு இளம் பெண். சின்னப் பிளாஸ்டிக் கான்கள் முடிந்துவிட்டன, பெரிய கானில்தான் இருக்கிறது என்றாள். நான் பெருமையோடு போத்தலை நீட்டினேன்.

"இதுக்கை ஊத்துங்கோ, பிள்ளை."

"சோடாப் போத்தலுக்கை ஊத்தமாட்டன், ஐயா."

"வடிவாக் கழுவினது."

"கழுவினாலும் தரமாட்டன். நாளைக்குச் சின்னக் கான் வரும், வாங்கோ."

"நான் பேர் எழுதி ஒட்டுவன்."

"சின்னப் பிள்ளையள் எழுத்தைப் பாக்குமே, ஐயா? போத்தலைத்தான் பாக்கும்."

என் வயதென்ன, அவள் வயதென்ன! எனக்குப் பாடம் எடுக்கிறாளா? வீடு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தேன். வெயிலில் தொண்டை காய்ந்துவிட்டது. அதே போத்தலில் கிணற்றுத் தண்ணீர் பிடித்துப் பாதியைக் குடித்தேன். மீதியைத் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு, வியர்வையில் நனைந்த சேட்டைக் கழற்றப் போனேன். குளோரின் வந்தால் வைப்பதற்கென்று காலையில் நான் பார்த்து வைத்த இடமும் அதுதான்.

திரும்பி வரும்போது, முற்றத்தில் ஓடி விளையாடிய மாயா அந்தப் போத்தலை இரண்டு கையாலும் தூக்கி, மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே இருப்பது தண்ணீர் என்று எனக்குத் தெரியும். நானே பிடித்து வைத்த தண்ணீர். அவள் கடைசிச் சொட்டுவரை குடித்து, ஏவறையும் விட்டுவிட்டு, "முடிஞ்சுது, தாத்தா" என்று போத்தலை நீட்டினாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். ஏன் அழுகிறேன் என்று கேட்ட சுபாவிடம் போத்தலைக் காட்டி, கடையில் நடந்ததைச் சொன்னேன்.

உதவி செய்தவர்களை நாங்கள் நன்றாக நினைவு வைத்திருக்கிறோம். மறித்தவர்களை? வழிநெடுகத் திட்டுகிறோம். அந்தப் பெண் அன்று "சரி ஐயா" என்று ஊற்றித் தந்திருந்தால் அவளை நல்ல பிள்ளை என்று சொல்லியிருப்பேன். பிறகு...?

மறுநாள் காலையே போய் நடந்ததைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் கூச்சப்பட்டாள்.

"முந்தி ஒருக்கா இப்பிடிக் குடிச்ச ஒரு பிள்ளையைப் பாத்தனான், ஐயா. அது போதும்" என்றாள்.

பெயர் ஒட்டிய சின்னக் கானைத் தந்து, பொழுதுபட ஊற்றவேண்டும், கக்கூஸ் கழுவும் அசிட்டுக்குக் கிட்டவும் வைக்கக்கூடாது, தண்ணீரில் நனைத்துச் சோதிக்கும் காகிதப் பட்டியில் சரியான நிறம் வந்த பிறகுதான் பிள்ளையை இறக்கவேண்டும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னாள். தடாகம் இப்போது அடி தெரியத் தெளிந்து கிடக்கிறது. மாயாவை வெளியே எடுப்பதுதான் பெரும்பாடு. கானை அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். அந்தப் பெண் நன்றாக இருக்கவேண்டும்.

கானை வாங்கிக்கொண்டு கடையை விட்டு நான் வெளிக்கிடும்போது ஒருவர் வந்தார். கையில் வெறும் சாராயப் போத்தல். அந்தப் பெண் வாயைத் திறக்க முன்னமே நான் முந்திக்கொண்டேன்:

"கேக்காதேங்கோ, அண்ணை. அவா தரமாட்டா!"