பிடிவாதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு

ஆங்கிலம்-தமிழ் அகராதி தொகுப்பவருக்கு ஒரு கெட்ட பழக்கம்: எடுத்துக்காட்டு வாக்கியங்களை வீட்டிலிருந்தே எடுப்பார். பிடிவாதம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லுக்கு, "என் மனைவியின் பிடிவாதம் குறைந்தபாடில்லை" என்று எழுதியிருந்தார். "முதல்ல அதை அடிச்சிட்டு மறுவேலை பாருங்க" என்று சொன்ன மனைவி, அதன்பிறகு முகம்கொடுத்துப் பேசவில்லை.

இன்று 'வாட்டர்ஷெட்' வந்தது. மழைநீர் இருபக்கமும் பிரிந்தோடும் முகட்டுக்கு 'நீர்பிரிமேடு' என்றும், வாழ்க்கை திசைமாறும் நேரத்துக்குத் 'திருப்புமுனை' என்றும் எழுதியவர், எடுத்துக்காட்டையும் எழுதி முடித்தார்.

காப்பி கொண்டுவந்தவள் எட்டிப் பார்த்தாள். "இவளைக் கைப்பிடித்த நாளே என் வாழ்வின் திருப்புமுனை" என்றிருந்தது.

"அதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் ஓடிட்டிருந்தீங்களாம்?"

"எங்க ஓடுனேன்? தேங்கித்தானே கிடந்தேன்."

காப்பியை வைத்துவிட்டுக் கதவுவரை போனவள் திரும்பினாள்.

"அந்தப் பிடிவாதத்தை அடிக்க வேணாம். இருந்துட்டுப் போகட்டும்."