அசையாத விரலுக்கு ஒரு விளக்கு

என் தம்பியை எரித்துவிட்டு வந்ததை என் காதுக்குப் பக்கத்திலேயே நின்று பேசினார்கள். நான் கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன். அழ முடியவில்லை. என் கண்களைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள். மூச்சை மிஷின் விட்டுக்கொண்டிருந்தது. நானும் போய்விட்டவன் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்கு வந்திருக்கும் தாய்மாரே, அண்ணாச்சிமாரே, என் பெயர் ராமசுப்பு. எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் கரிசல் காட்டில் மக்காச்சோளம் போடுகிறவன். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. அதனால் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். அம்மன் செண்பகவல்லித் தாய் எனக்குக் கொடுத்ததைச் சொல்லச் சொன்னீர்கள். எடுத்துக்கொண்டதையும் சேர்த்துத்தான் சொல்லுவேன். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்று வருடத்துக்கு முந்தைய கார்த்திகை. கதிர் பால் பிடித்திருந்த நேரம். காட்டுப்பன்றி தொல்லைக்குப் பயந்து நானும் தம்பி வேல்ச்சாமியும் காட்டுக் கொட்டகையிலேயே தங்கினோம். தரையில் சாக்கை விரித்துப் படுப்போம். ஒரு வியாழக்கிழமை விடியற்காலை தம்பி என்னை எழுப்பினான்.

"அண்ணே, வயிறு பிசையுது. தொண்டையில என்னமோ அடைக்கி."

பார்த்தேன். கண் இமை பாதிதான் திறந்திருந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏலே, நேத்துத் தின்ன புரோட்டா சேரல போலுக்கு. வீட்டுக்குப் போயி சுக்குத்தண்ணி குடிச்சிட்டுப் படு. நான் பின்னால வாரேன்" என்றேன்.

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அதுதான் நான் அவனிடம் கடைசியாகப் பேசியது. ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லியிருக்கலாம். நானே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். சொல்லவில்லை, போகவில்லை. இன்று வரைக்கும் அது என்னை விட்டுப் போகவில்லை.

அவன் போய் அரை மணி நேரம் இருக்கும். எனக்கும் வயிறு இழுக்க ஆரம்பித்தது. மோட்டாரை நிறுத்தப் போனால் இரண்டு மோட்டார் தெரிந்தது. எச்சிலை விழுங்க முடியவில்லை. எப்படியோ தார்ரோட்டுக்கு வந்து கல்லில் உட்கார்ந்தேன். அந்த வழியாக வந்த பால் வண்டிக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, காலையிலேயேவா?" என்று கேட்டார். நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். பதில் சொல்ல நாக்குப் புரளவில்லை. பிறகு அவர்தான் என்னைத் தூக்கி வண்டியில் போட்டார்.

கோவில்பட்டியை எட்டுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. ஒரு ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் போட்டு, அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஆம்புலன்சில் அனுப்பினார்கள். கயத்தாறு தாண்டும்போது எனக்கு நினைவு தெளிந்தது. லாரிகளின் ஹாரன் கேட்டது. கையைத் தூக்கப் பார்த்தேன். வரவில்லை. கண்ணைத் திறக்கப் பார்த்தேன். அதுவும் வரவில்லை. என் உடம்பு என் சொல்லைக் கேட்காமல் போய்விட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். இரத்தக் கசிவு எதுவும் இல்லை. உடம்பில் கடிவாயும் எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கண் பாப்பா சுருங்கவில்லை. நெஞ்சில் விரல் முட்டியை வைத்து அழுத்தித் தேய்த்தார். உயிர் போகிற வலி. என் முகத்தில் ஒரு சுளிப்புகூடத் தெரியவில்லை. மூச்சு நின்றிருந்த நேரத்தில் மூளை கெட்டுப்போயிருக்கும், நம்பிக்கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் என் மச்சான், அதாவது தங்கச்சி மாப்பிள்ளை, வந்தார். என் மனைவி முத்துலட்சுமியிடம் தாழ்ந்த குரலில் பேசினார்.

"வேலுவ நேத்து சாயங்காலமே எடுத்தாச்சு. நெஞ்சுவலின்னு சொல்லிக்கிட்டாவ. கோமதிய பாக்க முடியல. இவியளையும் வீட்டுக்குக் கொண்டு போயிருவோம். இங்கன மிஷின்ல கெடந்து என்னத்துக்கு?"

வேலு என்றதும் முதலில் எனக்கு விளங்கவில்லை. கோமதி அவன் பெண்டாட்டி. அந்தப் பெயரைக் கேட்டதும்தான் விளங்கியது. உள்ளுக்குள் கத்தினேன். மிஷின் மட்டும் அதே சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர் வந்திருக்க வேண்டும். யாரோ ஒருத்தி பிளாஸ்திரியை எடுத்து, துடைத்து, மருந்து போட்டு, மறுபடி ஒட்டினாள்.

அன்று நான் வேண்டியது உயிரை இல்லை. தாயே, என்னையும் எடுத்துக்கொள் என்றுதான் கேட்டேன். எத்தனை வெள்ளிக்கிழமை உன் வாசலுக்கு வந்திருப்போம், இதுதானா நீ தருவது என்று ஏசினேன். இப்படியெல்லாம் ஏசினவனா இந்த பூஜையில் உட்கார்ந்திருக்கிறான் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆமாம், அவன்தான்.

மூன்றாம் நாள். முத்துலட்சுமி இரண்டு நாளாக, என்னை வீட்டுக்குக் கொண்டுபோகக் கையெழுத்துப் போட மறுத்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் குரல் உடைந்திருந்தது. "சரி, கொண்டு போவோம்" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. மிஷினைக் கழற்றினால் மூச்சு முட்டி, முழு நினைவோடு சாவேன். அது எனக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் உண்மையாகப் பயந்தேன். அப்போதுதான் உண்மையாக வேண்டினேன்.

"தாயே, எழுந்து நடக்கக் கேக்கல. நான் இங்கனதான் கெடக்கேன்னு யாராவது ஒரு ஆளுக்குத் தெரியட்டும்."

இவ்வளவுதான் என் பிரார்த்தனை. இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

முத்துலட்சுமி என் நெற்றியில் அம்மன் குங்குமம் வைத்தாள். வைத்தவள் வாய்விட்டு அழுதாள். "ஒரே நாள்ல ரெண்டு பேரையும் எடுத்துக்கிட்டியே தாயே, ரெண்டு பேரையுமே."

பக்கத்துப் படுக்கையில் வேலையாக இருந்த நர்ஸம்மா வந்து நின்றார்.

"ரெண்டு பேருன்னா? இன்னொருத்தர் யாரும்மா?"

"இவியளுக்குத் தம்பி. காட்டுல ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் படுத்துருந்தாவ. அவருக்கு விடியக்காலம் வயித்துவலி. வீட்டுல வந்து படுத்தவரு எந்திரிக்கல."

"தரையிலயா படுத்துருந்தாங்க? இத ஏம்மா யாரும் எங்ககிட்ட சொல்லல?"

"அவருக்கு நெஞ்சுவலிம்மா. இதுக்கும் அதுக்கும் என்ன?"

நர்ஸம்மாவின் செருப்புச் சத்தம் வேகமாகப் போனது. யாரும் கேட்காத ஒரு கேள்வியை அந்தப் பெண் கேட்டாள். தாய் எனக்குப் பதில் சொன்னது அந்த வாய் வழியாகத்தான் என்று நம்புகிறேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் டாக்டர் வந்தார். என் உடம்பை அங்குலம் அங்குலமாகத் தேடினார். வலது முழங்கைக்குப் பின்னால் ஊசி குத்தினதுபோல இரண்டு புள்ளி. "கட்டுவிரியன் பாம்பா இருக்கலாம். கடிச்சா வீங்காது, வலிக்காது. ஆளை அப்படியே கட்டிப் போட்டுரும். பார்க்கச் செத்த மாதிரியே இருக்கும். ஆனா மூளை முழிச்சிருக்கும்" என்று முத்துலட்சுமியிடம் சொன்னார். விஷமுறிவு மருந்தை ஏற்றச் சொன்னார். பிறகு, "செல்லத்துரை அண்ணனைப் பெட்டியோட வரச் சொல்லுங்க" என்றார்.

அந்தப் பெட்டியைப் பற்றி எனக்குப் பிற்பாடுதான் தெரியும். முன்னால் அந்த ஆஸ்பத்திரியில் பாம்பு கடித்து என்னைப் போலவே கிடந்த ஒரு அம்மாள் பிழைத்து எழுந்து, "நீங்க பேசுனது பூரா எனக்குக் கேட்டுச்சு" என்று சொன்னாளாம். அந்தச் சொல் டாக்டரம்மாவைச் சும்மா இருக்க விடவில்லை. செல்லத்துரை அங்கே மிஷின் பழுது பார்க்கிறவர். பலசரக்குக் கடை மின்தராசுக்குள் எடையை உணர ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும். அதைக் கழற்றி, மனுஷன் கால் பெருவிரல் பதிகிற மாதிரி ஒரு கட்டையில் பொருத்தி, கண்ணுக்குத் தெரியாத அசைவுக்கும் விளக்கு எரிகிற மாதிரி செய்திருக்கிறார். பல மாதம் பாடுபட்டு, தன் காலிலும் நர்ஸ்கள் காலிலும் வைத்துப் பார்த்துச் சரிசெய்தாராம்.

விளக்கு தானாக எரிந்துவிடவும் வாய்ப்பு உண்டு. அதற்கு டாக்டரம்மா ஒரு முறை வகுத்திருந்தார். பத்து நிமிடம். எந்தெந்த நிமிடத்தில் விரலை அசைக்கச் சொல்லப்போகிறார் என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிடுவார். செல்லத்துரை காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கம் விளக்கை மட்டும் பார்த்து, எரிந்த நிமிடத்தைக் குறித்துக்கொள்வார். கடைசியில் இரண்டு தாளையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள்.

டாக்டரம்மா என் காதருகே குனிந்தார்.

"அண்ணாச்சி, நான் பேசுறது உங்களுக்குக் கேக்குதுன்னே வச்சுக்கிடுதேன். அசைங்கன்னு சொன்னா வலது கால் பெருவிரல அசைக்கப் பாருங்க. போதும்னா விட்டுருங்க."

அசைங்க என்றார். என் பலம் முழுவதையும் காலுக்கு அனுப்பினேன். அங்கே கால் இருப்பதாகவே தெரியவில்லை. போதும் என்றார். மறுபடி அசைங்க என்றார். இருண்ட கிணற்றுக்குள் கயிறு இல்லாமல் வாளியை விடுவதுபோல இருந்தது. விளக்கு எரிகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தாயே, தாயே என்று சொல்லிக்கொண்டே முயன்றேன்.

பத்து நிமிடம் முடிந்தது. செல்லத்துரையின் குரல் கேட்டது.

"நாலு, அஞ்சு, எட்டு."

தாள் பிரிகிற சத்தம். டாக்டரம்மா வாசித்தார். "ரெண்டு, நாலு, அஞ்சு, எட்டு."

ஒரு நிமிடம் தவறியிருந்தேன். சொல்லாத நிமிடத்தில் ஒருதரம்கூட எரியவில்லை. டாக்டரம்மா என் தோளில் கை வைத்தார்.

"நீங்க இங்கனதான் இருக்கீங்க அண்ணாச்சி. எங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. இனி உங்கள எங்கயும் அனுப்ப மாட்டோம்."

முத்துலட்சுமி என் காலைப் பிடித்துக்கொண்டு அழுத சத்தம் இப்போதும் கேட்கிறது.

ஆறாம் நாள் ஒரு இமை அசைந்தது. பத்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்தேன். தம்பிக்குக் காரியம் எல்லாம் முடிந்திருந்தது. அவனுக்கு வந்தது நெஞ்சுவலி இல்லை, அவனையும் அதே பாம்புதான் கடித்திருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

கோமதி என்னைப் பார்க்க வரவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் வந்தாள். வந்தவள் நின்றுகொண்டே கேட்டாள்.

"அத்தான், அன்னைக்கி விடிஞ்சும் எந்திரிக்கலன்னு அவர ஏசுனேன். இப்படித் தூங்குனா வெள்ளாமை வெளங்குமான்னு கேட்டேன். அது அவருக்குக் கேட்டுருக்குமா?"

கேட்டிருக்காது என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. எனக்கு எல்லாம் கேட்டது என்று ஊருக்கே தெரியும். அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை.

"கேட்டுருக்கும்மா" என்றேன். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேளு. அங்கன கெடக்கும்போது ஏச்சும் பேச்சும் வேற வேறயாத் தெரியாது. நம்ம வீட்டுக் குரலு பக்கத்துல இருக்கா, இல்லையா, அதுதான் தெரியும். உன் குரலு அவன் பக்கத்துல இருந்துச்சு. அவன் ஒத்தையில போகல. அவன வீட்டுக்கு அனுப்புனது நான். ஏசணும்னா என்னைய ஏசு."

அவள் ஏசவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். இதை இங்கே சொல்வதற்கு அவளிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தேன்.

தம்பியை ஏன் எடுத்தாய், என்னை ஏன் விட்டாய் என்று தாயிடம் பலமுறை கேட்டுவிட்டேன். பதில் இல்லை. நான் அவனைவிட நல்லவனும் இல்லை, அவனைவிட அதிகமாகக் கும்பிட்டவனும் இல்லை.

இப்போது ஊர் ஊராகப் போய்ச் சொல்கிறேன். காட்டுக் காவலுக்குப் போனால் கட்டிலில் படுங்கள், கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். விடியக்காலம் வயிற்றுவலியும் கண் சொருகலும் வந்தால் சுக்குத்தண்ணி வைத்துக்கொண்டிருக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் எங்கே படுத்திருந்தீர்கள், கூட யார் இருந்தார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

மாதத்துக்கு ஒரு தடவை அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அசையாமல் கிடக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவேன். இன்று என்ன கிழமை, வெளியே வெயிலா மழையா, வீட்டிலிருந்து யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லுவேன். போன மாதம் கடம்பூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. மூன்று நாள் பேசினேன். மூன்று தடவை பெட்டியை வைத்துப் பார்த்தார்கள். விளக்கு எரியவில்லை. நாலாம் நாள் போய்விட்டாள்.

அவள் வீட்டுக்காரர் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். "இம்புட்டு நேரம் பேசுனீயளே அண்ணாச்சி, எல்லாம் வீணாப் போச்சா?"

"வீணில்ல" என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரோடு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் அவருக்கான பதில் எனக்குத் தோன்றியது. அதை உங்களிடம் சொல்லிவிட்டு முடிக்கிறேன். மூன்று நாள் நான் ஒரு சொல்லும் பதில் சொல்லவில்லை. ஒரு இமைகூட அசைக்கவில்லை. ஆனால் என்னிடம் பேசின ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். சாதாரண மனுஷனான எனக்கே அது முடிந்தது என்றால், சன்னதியில் அசையாமல் நிற்கிற தாயால் கேட்க முடியாதா? அதனால் பதில் வரவில்லை என்று வேண்டுவதை நிறுத்திவிடாதீர்கள். அவளிடமும் பேசுங்கள். உங்கள் வீட்டில் பதில் சொல்ல முடியாமல் கிடக்கிறவர்களிடமும் பேசுங்கள். கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பேசுங்கள்.