மேல்மூலையில் தெரிந்த தேதி

தாராசுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். ரசம் ஊற்றும் நேரத்தில் ராஜலட்சுமியின் கணவரிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, ராஜி போயிட்டா. நெஞ்சு வலிக்குதுன்னா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள..." இலையை மூடிவிட்டு எழுந்து பஸ் ஏறினேன்.

பாபநாசம் கடைத்தெருவில் இருக்கும் என் கணினி மையத்துக்குப் பட்டா, சிட்டா, பயிர்க் காப்பீடு என்று வந்துபோன உங்கள் எல்லோருக்கும் ராஜியைத் தெரியும். ஏழு வருஷம் என்னோடு வேலை பார்த்தாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். அவளுக்கு நான் இந்த அஞ்சலியை எழுதுவது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை.

வருகிறவர்களின் பென் டிரைவில் வைரஸும் கூடவே வந்துகொண்டிருந்த காலம் அது. மாதம் ஒரு முறை கணினி படுத்துவிடும். "லினக்ஸ் போட்டுப் பாப்போம்ணே, அந்த சிஸ்டத்துல வைரஸ் அவ்வளவா ஒட்டாது" என்று அவள்தான் ஆரம்பித்தாள். அவளுக்கும் அதில் அனா ஆவன்னா தெரியாது. பழைய சிஸ்டத்துக்கான பிரவுசரையே நாலு தடவை இறக்கிக் கிளிக் செய்து பார்த்தாள். லினக்ஸில் அது ஓடாமல் கல்லாட்டம் கிடந்தது. எதைத் தொட்டாலும் பாஸ்வேர்டு கேட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். "கேக்குறது நல்லதுதாண்ணே. கேக்காம உள்ள விடுறதுதான் தப்பு" என்றாள்.

ஒருமுறை, அரசுத் தளம் மாதிரியே இருந்த ஒரு போலிப் பக்கத்தில் ஒரு பெரியவரின் ஆதார் எண்ணை அடிக்கப் போனேன். சட்டென்று என் கையைத் தட்டிவிட்டாள். மேலே இருந்த முகவரியில் ஓர் எழுத்து கூடுதல். அன்றிலிருந்து முகவரியை வாய்விட்டு எழுத்துக் கூட்டிப் படித்த பிறகுதான் எதையும் அடிப்பாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி என்று கேலி செய்வேன்.

அந்தப் பயிர்க் காப்பீட்டுப் பதிவின் கடைசி நாள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வெளியே மழை பிடித்துக்கொண்டது. சிட்டாவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இருபது பேர் நின்றிருந்தீர்கள். எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்றே வந்தது. எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போக ஒரு பொத்தானும் இருந்தது.

"அதை அமுக்கும்மா! நாலு மா நெலத்துல நட்டுட்டு நிக்கிறேன். நாளைக்கு முழுகிப்போனா யாரு குடுப்பா?" என்று கத்தினார் வரிசையில் முன்னால் நின்ற கோவிந்தராஜ்.

"மாட்டேங்க. உங்க ஆதாரு, பேங்க் நம்பரு எல்லாம் இதுல போடணும். பூட்டு சரியில்லாத வீட்ல பத்திரத்தை வைப்பீங்களா?"

"லினக்ஸும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு அன்னைக்கே சொன்னேன். கேட்டியா?" என்று உங்கள் முன்னாலேயே நானும் அவள்மேல் பாய்ந்தேன்.

அவள் இணைய வயரைக் கழற்றி மாட்டினாள். தன் போனில் அதே தளத்தைத் திறந்தாள். அது ஒழுங்காகத் திறந்தது. பிறகு கணினித் திரையின் மேல்மூலையைப் பார்த்தாள். அங்கே இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய தேதி இருந்தது. தளங்கள் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் அந்தத் தேதிக்குப் பின்னால் வந்தவை. அதனால்தான் கணினி எதையும் நம்பவில்லை.

தேதியைச் சரிசெய்ததும் பக்கம் திறந்தது. "என் தப்புதாங்க. தேதியை மாத்தி வச்சுட்டேன்" என்றாள். இருபது பேருக்கும் அன்றைக்கே பதிவு முடிந்தது. அதன் பிறகு கடைக்குள் நுழைந்தாலே "ராஜி, இன்னைக்கு எந்த வருஷம்?" என்று கேட்பீர்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

தேதியை மாற்றியவன் நான். அன்று காலை ஒருவர் தன் பெண்ணுக்கு ஜாதகம் எழுத வேண்டும், அவள் பிறந்தது என்ன கிழமை என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். நேரம் தானாகச் சரியாகும் வசதியை அணைத்து, பாஸ்வேர்டு போட்டு, கணினியை அந்த வருஷத்துக்கே கொண்டுபோய்க் கிழமையைப் பார்த்தேன். செவ்வாய் என்றேன். டீ வந்தது, திருப்பி வைக்க மறந்துவிட்டேன். பக்கத்து மேஜையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்த ராஜியின் காதில் எல்லாம் விழுந்துதான் இருக்கும். பாஸ்வேர்டும் எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும்.

ஒரு நாளும் அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. எப்போதாவது திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏண்ணே, அந்தப் பொண்ணுக்கு மாப்பிள்ளை அமைஞ்சுதா?" என்று மட்டும் கேட்பாள். "தெரியலம்மா" என்று நழுவிவிடுவேன். தப்பு என்னுடையது என்று சொல்ல முதலாளி வீம்பு விடவில்லை.

லினக்ஸை நான் எடுக்கப்போவதில்லை. காலையில் கணினியைப் போட்டதும் முதலில் மேல்மூலையில் தேதி பார்க்கிறேன். பிறகு முகவரியை எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படிக்கிறேன். அவளிடமிருந்து என்னிடம் தங்கியவை இவைதான்.

அவள் காரியம் முடிந்த மறுநாள், அந்தப் பெண்ணின் அப்பா கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். ராஜி இறந்தது அவருக்குத் தெரியாது. அவள் பெயர் எழுதித் தனியாக ஒன்று கொண்டுவந்திருந்தார். அது அவளுடைய கீபோர்டின்மேல் இருக்கிறது.

மாப்பிள்ளை அமைஞ்சாச்சு ராஜி. உன்னை எல்லோர் முன்னாலும் திட்டினேன். தப்பு என்னுடையது என்பதையும் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். நீ கேட்கத்தான் இல்லை.