கொட்டகையில் நானும் கைக்குழந்தையும்

மேட்டூரில் அணை வேலை தொடங்கியிருந்த சமயம் அது. எங்கள் ஊர் ஜலகண்டாபுரத்துக்குத் தெற்கே ஐந்தாறு மைல் தள்ளி இருந்தது. நெசவுக்காரர் ஊர். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அப்பாவும் அம்மாவும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டில் நான், என் மனைவி, எட்டு மாதப் பெண் குழந்தை, அவ்வளவுதான்.

தை மாதக் கடைசியில் ஒரு நாள் காலையில் தறியில் உட்காரப் போனேன். தறிக்குழிக்குள் ஓர் எலி செத்துக் கிடந்தது. வாலைப் பிடித்துத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு, ஊடை நூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் எடுத்தேன். மத்தியானத்துக்குள் எதிர்வீட்டிலும் எலி விழுந்துவிட்டது என்று சேதி வந்தது. அதற்குப் பிறகு தெருவில் ஒரு தறிச் சத்தமும் கேட்கவில்லை. எலி விழுந்தால் பிளேக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். மறுநாளே தண்டோரா போட்டார்கள். எல்லோரும் ஊரைக் காலி செய்து குன்றின் அடிவாரத்துக் கரட்டடிக்குப் போய்க் கொட்டகை போட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கார் ஆட்கள் வந்து வீடுகளின் கூரை ஓடுகளைப் பிரித்து உள்ளே வெயில் படவிடுவார்கள்.

பனையோலையும் சோளத்தட்டும் வைத்து ஒரே பகலில் நாங்களும் ஒரு கொட்டகை போட்டோம். அங்கே போன மூன்றாம் நாள் என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் அடுப்புப் பற்ற வைத்தவள் அப்படியே சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கிட்டே போனேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஏனுங்க, புள்ளையைத் தூக்கிக்கிட்டு வெளிய போயிருங்க. தொடையில நெறி கட்டியிருக்குது."

"எப்ப இருந்து?"

"நேத்து ராத்திரியே. சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

உண்மைதான். என்ன செய்திருப்பேன்? சர்க்கார் ஆட்கள் இரண்டு பேர் கயிற்றுக் கட்டிலோடு வந்தார்கள். நோய் கண்டவர்களுக்குத் தனிக் கொட்டகை ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. கட்டிலைத் தூக்கியபோது அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். தன் மூச்சு குழந்தை மேல் பட்டுவிடக் கூடாது என்று அப்படிச் செய்தாள். குழந்தை அவளைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது. கட்டில் ஓடைக்குள் இறங்கி அந்தக் கரை ஏறுகிற வரைக்கும் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

நான் அதுவரை குழந்தையை முறையாகத் தூக்கினதுகூட இல்லை. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றால் சிரிப்பார்கள். அன்று அது பசித்து அழ ஆரம்பித்தது. என் சட்டையைப் பிடித்து இழுத்து மார்பில் முட்டியது. எனக்கு ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது.

பக்கத்துக் கொட்டகையில் ஓர் அக்கா இருந்தாள். அவள் புருஷன் அதற்கு முந்தின நாள்தான் இந்த நோயில் இறந்திருந்தான். அவள் தன் கொட்டகை வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னாள்:

"நான் தொடக் கூடாதுங்க. எங்கூட்டுல நோய் வந்திருச்சு, அந்தச் சீலையைத்தான் கட்டியிருக்கறேன். நான் சொல்லுறேன், நீங்க செய்யுங்க. ராகியை ஊற வெச்சு அரைச்சுப் பால் எடுங்க. துணியில வடிகட்டிக் காய்ச்சுங்க. சூடு ஆறட்டும். சங்குல ஊத்தி ஓரமாக் குடுங்க, நடுவுல ஊத்துனா பொரை ஏறிக்கும்."

அப்படியே செய்தேன். பாதி வாய்க்குள் போயிற்று, பாதி கழுத்தில் வழிந்தது. அவள் பத்தடி தூரத்தில் நின்று, சங்கைப் பிடிப்பது போலத் தன் வெறுங்கையைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் பார்த்தேன். ராகிப்பால் மட்டும் போதவில்லை. குழந்தையை மச்சான் வீட்டில் விடலாம் என்று துண்டில் கட்டிக்கொண்டு நடந்தேன். மச்சான் என் மனைவியின் அண்ணன், பக்கத்து ஊர்தான். அந்த ஊர் எல்லையில் வண்டித்தடத்துக்குக் குறுக்கே வேலமுள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். நாலைந்து பேர் காவல் இருந்தார்கள். நான் வந்திருப்பதாகச் சேதி போய் மச்சான் ஓடி வந்தார். அவர் முள்ளுக்கு அந்தப் பக்கமே நிற்க வேண்டியதாயிற்று.

"தங்கச்சி இருக்குதுங்களா?"

"இருக்கிறா."

"மாப்ள, என்ற கையில ஒண்ணுமில்லீங்க. ஊருக் கட்டுப்பாடு. உங்களை உள்ள விட்டா என்ற குடும்பத்தையும் சேத்து வெளிய அனுப்பிருவாங்க."

அவர் அழுதார். நான் அழவில்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பிப் போய் ஒரு கறவை ஆட்டைப் பிடித்து வந்தார். முள்ளுக்கு மேலே தூக்கி இந்தப் பக்கம் இறக்கிவிட்டு, கயிற்றைத் தரையில் போட்டுவிட்டு எட்ட நகர்ந்தார். நான் போய்க் கயிற்றை எடுத்தேன்.

அதற்குப் பிறகு என் நாட்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. விடிந்ததும் ஆட்டைக் கறந்து, பாலில் தண்ணீர் கலந்து காய்ச்சிக் கொடுப்பேன். துணி அலசிக் காயப்போடுவேன். வெயில் ஏறுவதற்கு முன்னால் குழந்தையோடு ஓடைக்கரைக்குப் போவேன். அந்தக் கரையில் கொட்டகைக்கு வெளியே நோயாளிகளைக் காற்றாடப் படுக்க வைத்திருப்பார்கள். மாசி மாதம், ஓடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இருந்தாலும் அதைத் தாண்டக் கூடாது. அங்கிருந்து அவள் கையைத் தூக்குவாள். நான் குழந்தையைத் தூக்கிக் காட்டுவேன்.

அங்கே ஒரு காவல்காரர் உண்டு. முதல் நாள் அவரிடம், "பொழைச்சுக்குமுங்களா?" என்று கேட்டேன்.

"இந்நேரத்துக்கு இருக்குதுங்க" என்றார்.

"நாளைக்கு?"

"அதை என்னைக் கேக்காதீங்க. முந்தி ஒருத்தருகிட்டப் பொழைச்சுக்கும்னு சொன்னேன். அன்னிக்கே போயிருச்சு. அவரு வந்து என்ற சட்டையைப் பிடிச்சுக்கிட்டாரு. இப்ப இருக்குதா இல்லையான்னு கேளுங்க, பாத்துச் சொல்றேன்."

எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஆனால் தினமும் அதையே கேட்டேன், அவரும் அதையே சொன்னார்.

கொட்டகையில் உட்கார்ந்தால் புத்தி சும்மா இராது. அவள் போய்விட்டால் இந்தக் குழந்தையை யார் வளர்ப்பார்கள், வேறொருத்தி வந்தால் இதை எப்படி நடத்துவாள், குழந்தைக்கே காய்ச்சல் கண்டால், எனக்கே கண்டால், இரண்டு பேரும் போய் இது மட்டும் மிஞ்சினால் என்று ஓடும். ஓடி ஓடி, ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கும். கை தன் பாட்டுக்குத் துணியை அலசிக்கொண்டிருக்கும்.

ஆட்டுப்பால் ஒத்துக்கொள்ளாமல் குழந்தைக்கு ஒருநாள் வயிற்றோட்டம் கண்டது. விடிந்ததிலிருந்து அழுகை. அக்கா தூரத்தில் நின்று, "பாலை நிறுத்துங்க. ஓமத் தண்ணி குடுங்க" என்றாள். கொடுத்தேன். நெஞ்சில் போட்டுக்கொண்டு நடந்தேன். எத்தனை நடை நடந்தேன் என்று தெரியாது. மத்தியான வெயிலில் ஒரு வேலமர நிழலில் சாய்ந்து உட்கார்ந்தபோது அழுகை விக்கலாகி, விக்கலும் நின்று, என் கழுத்துக்குழியில் முகம் வைத்துத் தூங்கிவிட்டது. அசைந்தால் எழுந்துவிடும். அதனால் அசையாமல் இருந்தேன். கால் மரத்துப் போயிற்று. குழந்தையின் மூச்சு என் கழுத்தில் சூடாகப் பட்டுப் பட்டு விலகியது. எறும்பு ஒன்று என் முழங்கை மேல் ஏறி, நின்று, மறுபக்கம் இறங்கிப் போயிற்று. ஆடு எங்கேயோ காய்ந்த வேலங்காயைக் கடித்துக்கொண்டிருந்தது.

வெகு நேரம் கழித்துத்தான் ஒன்று தெரிந்தது. நான் எதையும் நினைக்காமல் இருந்திருக்கிறேன். நாளையும் இல்லை, நேற்றும் இல்லை. நெஞ்சில் ஒரு பாரமும் இல்லை. வாழ்நாளில் அப்படி ஒரு நிம்மதி எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. அது தெரிந்த அடுத்த கணமே வெட்கமாக இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள். எனக்கு என்ன நிம்மதி?

ஆனாலும் அது பிறகும் வந்தது. தேடிப் போனால் வரவில்லை. குழந்தைக்குச் சங்கில் ஊற்றும்போது, அது விழுங்குகிற வரை காத்திருக்கிற நேரத்தில், தானாக வந்து உட்கார்ந்திருக்கும்.

ஒருநாள் அந்தக் கரையில் கை எழவில்லை. அவளுடைய கட்டிலே வெளியில் இல்லை. காவல்காரர் உள்ளே போய்ப் பார்த்து வந்து, "இந்நேரத்துக்கு இருக்குதுங்க. நெனப்பு இல்லை" என்றார். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அதே பதில்தான். அந்த நாட்களில் எனக்கு நிம்மதி எதுவும் வரவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஓடைக்கரையில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் அவரே என்னைக் கண்டதும் குரல் கொடுத்தார்: "கட்டி உடைஞ்சிருச்சுங்க. கஞ்சி கேட்டுச்சு."

பங்குனி முடிகிற நேரத்தில் அவளை விட்டார்கள். தன் துணிகளை எல்லாம் கொளுத்திவிட்டார்கள் என்று, யாரோ கொடுத்த முரட்டுச் சேலையைக் கட்டியிருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். ஓடைக்குள் இறங்கி, நடுவில் ஒரு தரம் உட்கார்ந்து, எழுந்து வந்தாள்.

"வா சாமி" என்று கையை நீட்டினாள்.

குழந்தை அவளைப் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பி என் தோளில் புதைத்துக்கொண்டது. அவள் கிட்டே வந்து தொட்டாள். வீரிட்டு அழுதது. என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் கீழே உட்கார்ந்தாள். அவளுக்குப் பாலும் வற்றிவிட்டிருந்தது.

நோயைத் தாண்டி வந்தவளிடம், என்னைப் பற்றிக்கொண்டிருந்த குழந்தையைப் பிடுங்கிக் கொடுக்கவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அவ்வளவு கையாலாகாமல் நான் அந்த இரண்டு மாதத்திலும் நின்றதில்லை. குழந்தை அவளிடம் ஒட்டிக்கொள்ள ஆடி மாதம் ஆயிற்று.

அதற்குள் வீட்டுக்குத் திரும்பி ஓடு வேய்ந்தோம். தறியில் கட்டியிருந்த பாவு நூலில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. தறியில் உட்கார்ந்ததும் பழைய கவலைகள் எல்லாம் வரிசையாக வந்து சேர்ந்தன. புதிதாகவும் சேர்ந்தன. வேலமர நிழலில் இருந்தது போல ஒரு பொழுது பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

பல வருஷம் கழித்து, அந்தப் பெண்ணைக் கட்டிக் கொடுத்து அனுப்பிய பிறகு, என் மனைவியிடம் அதை வாய்விட்டுச் சொன்னேன். நீ அங்கே கிடந்தபோது இங்கே எனக்குச் சில நேரம் மனசு அப்படி அமைதியாக இருந்தது, இத்தனை நாள் சொல்ல வெட்கப்பட்டேன் என்றேன். அவள் கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் சொன்னாள்:

"உங்க கையில புள்ளை இருந்துச்சுங்க. என்ற கையில என்ன இருந்துச்சு?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்து முறத்தின் இந்த ஓரத்திலிருந்து நானும் கல் பொறுக்கினேன்.